சட்டம் சொன்னது ஆறு மாதம்: உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்பமை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு,

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நின்றவை 49 வாக்குகள். தோற்றதாக அறிவிக்கப்பட்ட அப்பாவு, வென்றதாக அறிவிக்கப்பட்ட இன்பதுரைக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகளைத் தள்ளியது சரியா, கடைசி மூன்று சுற்றுகளின் எண்ணிக்கை சரியா என்பதுதான் வழக்கு. 2019 அக்டோபரில் தங்கள் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 மே மாதம் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிற்று. தம் சார்பில் ஐந்து ஆண்டு சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர் தாம் தேர்ந்தெடுத்தவர்தானா என்பதை வள்ளியூர், பணகுடி, திசையன்விளை வாக்காளர்கள் அந்த ஐந்து ஆண்டுக்குள் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது.

அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச இதை எழுதவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 86(7), மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் வழக்கை முடிக்க எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது. பிரிவு 86(6), முடிந்தவரை நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்கச் சொல்கிறது. ராதாபுரம் வழக்கில் மறு எண்ணிக்கை உத்தரவு வரவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வழக்குப் போட்டபோது ஒன்றாக இருந்த திருநெல்வேலி மாவட்டம் 2019 நவம்பரில் இரண்டாகி, தென்காசி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. வழக்கு மட்டும் அப்படியே கிடந்தது.

தேனி வழக்கையும் பார்க்கலாம். 2019 மக்களவைத் தேர்தலில் வென்ற ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று தங்கள் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2023 ஜூலை 6. நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2024-இல் மக்களவையின் காலமும் முடிந்தது. மேல்முறையீட்டை மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று பிரிவு 116-சி சொல்கிறது. அந்தக் கெடுவும் ஏட்டோடு நின்றது.

எண்ணிக்கையில் பிசகு, சொத்துக் கணக்கில் மறைப்பு ஆகிய வழக்குகளிலாவது காகிதம் எப்போதும் காகிதமாக இருக்கும். தாமதத்தால் அடியோடு செத்துப்போவது இன்னொரு வகை வழக்கு: தேர்தல் செலவு வரம்பை மீறியதாகச் சொல்லும் வழக்கு. எங்கள் மனக்குறையின் மையம் அதுதான்.

2022 ஜனவரியில் நிர்ணயித்த வரம்பின்படி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள சட்டமன்றத் தொகுதி என்றால் ஆளுக்கு 16 ரூபாய் வருகிறது. ஒரு டீக்கான காசு. இந்த வரம்பை மீறுவது பிரிவு 123(6)-இன்படி ஊழல் நடவடிக்கை. வென்றவர் மீறியிருந்தால் பிரிவு 100(1)(பி)-இன்படி தேர்தலே செல்லாது. ஆனால் அதைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மட்டும்தான் உண்டு. பிரிவு 10-ஏ-வின்படி தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம். 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினரை, காசு கொடுத்து வெளியிட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக அப்படி நீக்கவும் செய்தது. ஆனாலும் அது கணக்கை முறைப்படி ஒப்படைக்காததற்கான தண்டனைதான். அத்து மீறிச் செலவழித்து வாங்கிய பதவியைப் பறிக்கும் கதவு தங்களிடம்தான் இருக்கிறது.

அந்தக் கதவுவரை ஒரு சாதாரண வாக்காளர் எப்படி வந்து சேர வேண்டியிருக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

வேட்பாளரின் செலவுப் பதிவேட்டில் மூன்று பகுதிகள்: அன்றாடச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாளில், வங்கிக் கணக்கு மஞ்சள் தாளில். இதற்கு எதிராக அதிகாரிகள் ‘நிழல் பதிவேடு’ ஒன்றை எழுதுகிறார்கள். காணொளிக் குழு கூட்டத்தைப் படம் பிடிக்கும், பார்வைக் குழு அந்தப் படத்தைப் பார்த்து எண்ணும், கணக்குக் குழு மாவட்டத் தேர்தல் அலுவலரின் விலைப்பட்டியலை வைத்துப் பெருக்கிப் போடும். எடுத்துக்காட்டாக, வள்ளியூரில் ஒரு மாலைக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். வேட்பாளர் பதிவேட்டில் 300 நாற்காலி, காணொளியில் 1,200. விலைப்பட்டியலில் நாற்காலிக்கு 8 ரூபாய் என்றால் 2,400 எங்கே, 9,600 எங்கே. வேன் 10 என்று எழுதியிருக்கும், காணொளியில் 45 நம்பர் பிளேட் தெரியும். மைக் செட், சீரியல் பல்பு, வாழைமரம், கொடி கட்டிய கம்பு, பிரியாணிப் பொட்டலம் என்று ஒவ்வொன்றும் இப்படித்தான். ஒரு கூட்டத்தில் விடுபடுவது சில ஆயிரமாக இருக்கலாம். பிரசார நாள்கள் முழுவதுக்கும், ஒரு நாளைக்கு நான்கு ஊர் என்று கூட்டினால் வரம்பு எங்கே உடைந்தது என்பது தெரியும்.

வேட்பாளர்கள் இந்தக் கணக்கிலிருந்து நழுவும் வழியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாநிலத் தலைவர் பேசும் மேடையில் வேட்பாளர் ஏறினால், அல்லது அவர் பெயரும் படமும் பேனரில் இருந்தால், கூட்டச் செலவில் அவருக்குப் பங்கு விழும். ஆகவே அவர் மேடை ஏறாமல் கூட்டத்துக்குள் நிற்பார். பேனரில் சின்னம் மட்டும் இருக்கும். செலவு கட்சிக் கணக்குக்குப் போய்விடும். கட்சிச் செலவுக்கு வரம்பே கிடையாது. வரம்புக் கணக்கு வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை மட்டுமே என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் கொட்டிய பணமும் எந்த ஏட்டிலும் வராது. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளரின் ஒப்புதலோடு கட்சியும் நண்பர்களும் செய்த செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களுக்குள் சட்டத்தையே திருத்தி அந்தத் தீர்ப்பை முடக்கினார்கள். 2003 திருத்தம் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றும் வெளியேதான். இவை நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டியவை, தங்களிடம் கேட்கவில்லை. இத்தனை சலுகைக்குப் பிறகும் ஒருவர் வரம்பை மீறினால் என்ன நடக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கை ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் கடைசி நாள்களில்தான் வரும். ஒப்படைத்த இரண்டு நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலர் அது பற்றிய அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். தேர்தல் நடத்தை விதிகளின் 88-ஆம் விதி அப்படிச் சொல்கிறது. வழக்குப் போடவோ தேர்தல் நாளிலிருந்து, அதாவது வென்றவரை அறிவித்த நாளிலிருந்து, 45 நாள்தான் கெடு. முப்பதைக் கழித்தால் பதினைந்து. பலகையில் ஒட்ட இரண்டு நாள், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நகல் வாங்க நான்கைந்து நாள், இடையில் ஒரு சனி ஞாயிறு. நூற்றுக்கணக்கான வவுச்சரைக் காணொளியோடு ஒப்பிட்டு, மனு எழுதி, சென்னைக்குப் போய்த் தாக்கல் செய்ய ஒரு வாரம்கூட மிஞ்சாது. தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமும் இல்லை.

அந்த ஒரு வாரத்தில் எழுதும் மனுவில் எது பிசகினாலும் வாசலிலேயே விழுந்துவிடலாம். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல் வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று மனுதாரரே கையொப்பமிட வேண்டும். 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டிய ரசீது வேண்டும். யார் மீதெல்லாம் ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டப்படுகிறதோ அந்த வேட்பாளர்கள் எல்லாரும் தரப்பினராகச் சேர்க்கப்பட வேண்டும். படிவம் 25-இல் தனிப் பிரமாணப் பத்திரம் வேண்டும்; எது தனக்கு நேரடியாகத் தெரியும், எது கேள்விப்பட்டது என்று பத்தி எண்ணோடு பிரித்துச் சொல்ல வேண்டும். ‘ஏராளமாகச் செலவு செய்தார்’ என்று பொதுவாக எழுதினால் போதாது: எந்தத் தேதி, எந்த ஊர், எந்தப் பொருள், எவ்வளவு என்பது வேண்டும். இந்தக் கண்டிப்பு நியாயமானதே. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைக் கீழே இறக்குவது சின்னக் காரியமா? ஊழல் நடவடிக்கையைக் குற்ற வழக்குப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறோம்.

ஆனால் மனுதாரருக்கு 45-ஆவது நாளுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்கூடத் தராத சட்டம், மனு உள்ளே வந்தபிறகு எதிர்த்தரப்புக்கு ஆண்டுக் கணக்கில் இடம் கொடுத்துவிடுகிறது. நடைமுறையில் அது இப்படி நடக்கிறது. சம்மன் சார்வாகவில்லை, அதாவது எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரவில்லை, என்று முதல் சில வாய்தா. வக்காலத்து போட்டபின் எதிருரைக்கு, அதாவது எழுத்துமூலப் பதிலுக்கு, அவகாசம். எதிருரைக்கு முன்பே, மனுவில் வழக்கு மூலமே (வழக்குத் தொடுப்பதற்கான காரணமே) இல்லை, நிராகரிக்க வேண்டும் என்று ஒரு இடைக்கால மனு. அது தள்ளுபடியானால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு; அங்கே ஒரு தடை. அது விலகி வருவதற்குள் இங்கே விசாரிக்கும் நீதிபதியின் பொறுப்புகள் மாறியிருக்கும், அல்லது அவர் ஓய்வு பெற்றிருப்பார். புதிய நீதிபதி முன் கட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறக்கும். அடுத்து, குறிப்பிட்ட பத்திகளை நீக்கக் கோரி இன்னொரு மனு. எழுவினா வனைவதற்குள், அதாவது எந்தக் கேள்விகளை விசாரிப்பது என்று நீதிமன்றம் வகுப்பதற்குள், இரண்டு ஆண்டு போய்விடும். இதில் எந்த ஒரு படியும் சட்டவிரோதம் கிடையாது. எல்லாம் சேர்ந்துதான் 86(7)-ஐ வெறும் எழுத்தாக்குகின்றன.

செலவு வழக்கில் அந்த இரண்டு ஆண்டு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்ட வேனை உரிமையாளர் விற்றிருப்பார். பந்தல்காரரின் ரசீதுப் புத்தகம் கறையான் அரித்திருக்கும். பறக்கும் படையில் இருந்த துணை வட்டாட்சியர் மாறுதலாகி எங்கேயோ இருப்பார். காணொளி இருக்கும் ஹார்ட் டிஸ்க் எந்த அலமாரியில் என்று இப்போதிருக்கும் எழுத்தருக்குத் தெரியாது. கண்டுபிடித்தாலும், படம் எடுத்த கருவியைக் கையாண்டவரின் மின்னணுச் சான்று இல்லாமல் அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணும், வேண்டும். அதை அன்றைக்கே எடுத்து வைக்காவிட்டால் பிறகு கோப்பு மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93-ஆம் விதியைத் திருத்தி, வாக்குச்சாவடிக் கேமராப் பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கிவிட்டார்கள். 45 நாளுக்குள் வழக்கு வராவிட்டால் அவற்றை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியும் இருக்கிறது. எந்தச் சான்றும் தங்கள் உத்தரவு இருந்தால்தான் இனி பிழைக்கும் என்ற நிலை வந்துவிட்டது.

தூரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதுரைக் கிளை 2004 ஜூலையிலிருந்து இயங்குகிறது. ஆனாலும் ராதாபுரம் வழக்கும் தேனி வழக்கும் சென்னையில்தான் நடந்தன. கூடங்குளத்துப் பந்தல்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் முந்தின நாள் மாலை பஸ் பிடித்து ஜங்ஷன் வந்து, இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, பதினோரு மணிக்கு வாய்தா என்று கேட்டுவிட்டு, அன்றிரவே திரும்ப வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். உள்ளூர்ப் பெரிய மனிதருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஒருவர் இதை மூன்று முறை செய்தபிறகு நான்காம் முறை வருவாரா?

அதே ரயிலில்தான் 2024 ஏப்ரலில் தாம்பரத்தில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டது. மக்களவைத் தொகுதியின் செலவு வரம்பைப் போல நான்கு மடங்கு. யாருடைய பணம், எதற்காக வந்தது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் முடிவு கட்ட மாட்டோம்.

குற்ற வழக்குப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பணம் கொடுத்ததாகப் பதியும் வழக்குகள் பல, நீதிமன்றம் குற்றச்சாட்டுக்குள் போகாமலேயே ரத்தாகின்றன. வாக்காளருக்கு லஞ்சம் என்பது போலீஸார் தாமாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் கிடையாது. நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) அனுமதி வேண்டும். அவசரத்தில் அனுமதியில்லாமல் முதல் தகவல் அறிக்கை போடுகிறார்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக வழக்கென்றால் அந்த ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். போலீஸ் அறிக்கை செல்லாது. இந்தக் குறைகளுக்காகத் தங்கள் நீதிமன்றம் ரத்து செய்யும்போது அது சட்டப்படி சரிதான். அதோடு, அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்துக்கு ஓராண்டு என்று காலவரம்பு உண்டு. குற்றப்பத்திரிகை அதைத் தாண்டி வந்தால் முடிந்தது கதை. ஒரே தவறு ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கும்போது, அதைக் கவனக்குறைவு என்று எத்தனை முறை ஏற்பது?

நீதிமன்றங்களால் முடியாது என்று நாங்கள் நினைக்கவில்லை. பதவியிலிருந்த பிரதமரின் தேர்தலை 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி செல்லாது என்றார். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் அந்த நொடியே பதவி இழப்பார் என்று 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2023 நவம்பர் 9 அன்று, மக்கள் பிரதிநிதிகள் மீதான குற்ற வழக்குகளைக் கண்காணிக்க ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தானாக வழக்குப் பதிய வேண்டும், விசாரணை நீதிமன்றங்கள் அரிதான காரணம் இல்லாமல் வாய்தா தரக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023-இல் தங்கள் நீதிமன்றமே அமைச்சர்களின் விடுவிப்பு உத்தரவுகளைத் தானாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தது. அந்த அக்கறை தேர்தல் வழக்குகளின் நாள்காட்டியிலும் தெரிய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

ஆகவே கேட்கிறோம். தேர்தல் மனுக்களை நீதிபதிக்கு ஒதுக்கும் அதிகாரம் பிரிவு 80-ஏ-வின்படி தங்களுடையது. பொதுத் தேர்தல் முடிந்ததும் இரண்டு அல்லது மூன்று நீதிபதிகளை இதற்கென்றே ஒதுக்கி, மற்றப் பொறுப்புகள் மாறினாலும் இந்தக் கட்டுகள் அவர்களிடமே இருக்கும்படி ஆணையிட வேண்டும். பதிவகம் குறை சுட்டித் திருப்புவதாக இருந்தால் ஒரே தடவையில் எல்லாக் குறையையும் சொல்லி, ஏழு நாளுக்குள் மனுவுக்கு வழக்கு எண் இட வேண்டும். முதல் விசாரணை நாளிலேயே கால அட்டவணை போட்டுவிட வேண்டும்: மூன்று வாரத்துக்குள் சார்வு, அடுத்த முப்பது நாளுக்குள் எதிருரை, மூன்றாம் மாதம் சாட்சி. மனுவை நிராகரிக்கக் கோருவதும் பத்திகளை நீக்கக் கோருவதும் எதிருரையோடு ஒரே நேரத்தில் வர வேண்டும். தனித்தனியாக, ஒன்று முடிந்தபின் ஒன்றாக வந்தால் ஏற்கக் கூடாது.

வரம்பு மீறல் சொல்லும் மனு எண்ணிடப்பட்ட அன்றே, மாவட்டத் தேர்தல் அலுவலருக்குத் தனி உத்தரவு போக வேண்டும். நிழல் பதிவேடு, சான்றுக் கோப்பு, காணொளிகள் ஆகியவற்றின் ஹேஷ் மதிப்பெடுத்து, பிரிவு 63(4) சான்றிதழோடு பதினைந்து நாளுக்குள் முத்திரையிட்டு ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவாக அது இருக்க வேண்டும். எங்கள் எல்லாக் கோரிக்கையிலும் இதைத்தான் முதலாவதாக வைக்கிறோம். இது ஒன்று நடந்தாலே தாமதம் சான்றைத் தின்பது பாதி நின்றுவிடும்.

தென்மாவட்டத் தொகுதிகளின் சாட்சிகளை மதுரைக் கிளையில் விசாரிக்கவோ, ஆணையர் ஒருவரை நியமித்துப் பாளையங்கோட்டையில் வாக்குமூலம் பதியவோ ஏற்பாடு வேண்டும். லஞ்சப் புகார்களில் அனுமதி கேட்டு வரும் மனுவுக்கு அன்றைக்கே உத்தரவிடும்படி நடுவர்களுக்குத் தேர்தல் அறிவிக்கும்போதே சுற்றறிக்கை போக வேண்டும். சட்டமன்றக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் ஊழல் நடவடிக்கை மனுக்களை முடித்துவைக்கக் கூடாது. அந்தக் குற்றச்சாட்டு பதவிக்காலத்தோடு செத்துவிடாது, நிரூபணமானால் தகுதி நீக்கம் உண்டு என்ற வேறுபாட்டை 1974-லேயே லோக்நாத் பதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது.

கடைசியாக, நிலுவையிலுள்ள ஒவ்வொரு தேர்தல் மனுவுக்கும் தாக்கலான தேதி, ஆறு மாதம் முடிந்த தேதி, இதுவரை தள்ளிவைத்த தடவைகள், ஒவ்வொரு முறையும் யார் கேட்டுத் தள்ளிப்போனது என்ற நான்கு விவரத்தையும் மாதம் ஒருமுறை உயர் நீதிமன்ற இணையதளத்தில் தமிழிலும் வெளியிட உத்தரவிட வேண்டுகிறோம். ராதாபுரம் வாக்காளர் அதைத் தன் கைபேசியில் பார்க்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
திருநெல்வேலி, பாளையங்கோட்டை, வள்ளியூர் நீதிமன்றங்களில் பணியாற்றும் வழக்கறிஞர்களும் வழக்கறிஞர் குமாஸ்தாக்களும் சிலர்